நாலு விரல் குறைச்சல்

ஏழாம் மாதத்தில் என் கால்கள் வீங்கிப்போனதால்தான் அந்த ஒன்பது துப்பாக்கிகளும் என் பொறுப்புக்கு வந்தன.

நான் காவல்துறையில் இருக்கிறேன். ஆயுதப் படையில் மூன்று வருடம் இருந்துவிட்டு, ஒரகடத்தை ஒட்டிய ஒரு காவல் நிலையத்துக்கு மாற்றல் வாங்கி வந்தேன். நிலையத்தின் பெயர் இங்கே வேண்டாம். எங்கள் சொந்த ஊர் தென்காசிப் பக்கம். என் வீட்டுக்காரருக்கு இங்கே ஒரு கார் உதிரிபாகக் கம்பெனியில் வேலை. இரண்டு பேரும் ஒரே இடத்தில் இருக்கலாம் என்றுதான் மாற்றலைக் கேட்டு வாங்கினேன். வந்த பிறகு அவருக்கு ஏ ஷிப்டு என்றால் எனக்கு இரவுப் பணி, அவருக்கு சி ஷிப்டு என்றால் எனக்குப் பகல். ஒரே வீட்டுச் சாவியை ஆள் மாற்றி ஆள் மீட்டர் பெட்டிக்குள் வைத்துவிட்டுப் போவதுதான் எங்கள் குடித்தனமாக இருந்தது.

தேர்தல் அறிவித்தார்கள். தேர்தல் வந்தால் லைசென்ஸ் உள்ளவர்கள் தங்கள் துப்பாக்கிகளைக் காவல் நிலையத்தில் ஒப்படைத்துவிட வேண்டும். எல்லாம் முடிந்த பிறகு திருப்பிக் கொடுப்போம். நிலையத்தில் மற்ற எல்லோரையும் வாகனச் சோதனை, பந்தோபஸ்து என்று சாலையில் நிறுத்திவிட்டார்கள். எஸ்.ஐ. என் காலைப் பார்த்தார்.

"உன்னால நிக்க முடியாதும்மா. டெபாசிட் துப்பாக்கிய நீ பாத்துக்க. உக்காந்த வேலதான். துரு மட்டும் புடிக்கக் கூடாது. போன தேர்தல்ல துருப்புடிச்சிடுச்சின்னு ஒருத்தரு எஸ்.பி. வரைக்கும் மனு குடுத்துட்டாரு. ரைட்டருக்கு மெமோ வந்துச்சு."

"சரிங்கய்யா" என்றேன். உட்கார்ந்த வேலை என்றதே அன்றைக்கு எனக்குப் பெரிய விஷயமாக இருந்தது.

அறை நிலையத்தின் பின்பக்கம் இருந்தது. முன்பு பழைய பதிவேடுகளை அடுக்கி வைத்திருந்த அறை. ஒரே ஒரு ஜன்னல். அதற்கு வெளியே வழக்கில் பிடித்த மோட்டார் சைக்கிள்களும் இரண்டு மணல் லாரிகளும் செடி மூடிக் கிடந்தன. கதவு இரும்புக் கிராதி. துப்பாக்கியை வெளியே எடுத்து வைத்திருக்கும் நேரத்தில் அறை திறந்து கிடக்கக் கூடாது என்பது எஸ்.ஐ.யின் கட்டளை. அதனால் நான் உள்ளே போய் உட்கார்ந்ததும், வாசலில் பாரா நிற்கும் ஏட்டய்யா வெளியிலிருந்து பூட்டிச் சாவியைப் பைக்குள் போட்டுக்கொள்வார். செல்போனையும் ரைட்டர் மேசையில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். அந்த மாதங்களில் எனக்கு முக்கால் மணிக்கு ஒருதரம் பாத்ரூம் போகாமல் முடியாது. ஒவ்வொரு முறையும் கிராதியைப் பிடித்துக்கொண்டு "ஏட்டய்யா, ஏட்டய்யா" என்று கூப்பிடுவேன். லாக்கப்பில் இருப்பவர்களும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். ஒருநாள் மனு கொடுக்க வந்த யாரோ என் குரலைக் கேட்டு, "உள்ள யாருங்க, லேடீஸ் கேஸா?" என்று விசாரித்தது என் காதில் விழுந்தது.

ஆயுதப் படையில் நான் துடைத்த துப்பாக்கிகள் வேறு மாதிரி. பின்பக்கம் திறக்கும். வெளிச்சத்துக்குக் காட்டினால் குழலின் இந்த முனையிலிருந்து அந்த முனை தெரியும். இவை ஒன்பதும் நாட்டுத் துப்பாக்கிகள். பின்பக்கம் அடைத்திருக்கும். மருந்து, நார், குண்டு எல்லாவற்றையும் குழலின் வாய் வழியாகப் போட்டு, நீளக் கம்பியால் குத்திக் கெட்டித்து, சுத்தியலாக இறங்கும் குதிரைக்கு அடியில் உள்ள சின்னக் குமிழில் பொட்டுவெடி மாதிரி ஒரு கேப்பு மாட்டிச் சுடுவார்கள். உள்ளே எட்டிப் பார்த்தால் வெறும் இருட்டு. கூமுட்டை மாதிரி ஒரு நாற்றம் வரும். 

எப்படிச் சுத்தம் செய்வது என்று தெரியாமல், ஆயுதப் படையில் துப்பாக்கிகளைப் பழுதுபார்க்கும் ஆர்மரர் அண்ணன் ஒருவருக்குப் போன் செய்து கேட்டேன்.

"ஆயிலப் போட்டுத் தொடைச்சிட்டு விட்றாத" என்றார். "கருமருந்துக் கரி இருக்கே, அது உப்பு மாதிரி. காத்துல இருக்கற ஈரத்த எல்லாம் இழுத்துக்கும். ஆயிலுக்கு அடியிலயே இரும்பத் தின்னுக்கிட்டிருக்கும். மொதல்ல கொதிக்கக் கொதிக்கத் தண்ணி, ரெண்டு சொட்டு சோப்பு. ஊத்தி, குலுக்கி, கொட்டு. கறுப்பு நிக்கிற வரைக்கும் ஊத்தணும். சூட்டுலயே குழல் காஞ்சிடும். அப்புறம் துணி, கடைசியாத்தான் ஆயில்."

"சரிண்ணே."

"இரு, வெச்சிடாத. அதுக்கெல்லாம் முன்னாடி ஒண்ணு இருக்கு. கம்பிய உள்ள வுட்டு, வாய்க்கிட்ட கட்டவெரல வெச்சு அளவு புடி. அதே அளவ வெளியில குழலோட சேத்து வெச்சுப் பாரு. கம்பி முனை அந்தக் குமிழ் வரைக்கும் வரணும். நாலு வெரல் குறைஞ்சா தொடாத. உள்ள லோடு, அதான் மருந்தும் குண்டும், இருக்குன்னு அர்த்தம்."

 துப்பாக்கிகளை வாங்கும்போதே செய்திருக்க வேண்டிய சோதனை அது. எனக்குத் தெரியவில்லை. முந்தைய தேர்தல் பதிவேட்டில் எப்படி எழுதியிருந்ததோ அப்படியே நானும் ஒன்பதுக்கும் "லோடு இல்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தேன்.

மறுநாளிலிருந்து ஒவ்வொன்றாக அளந்து பார்த்துவிட்டுத்தான் தண்ணீர் ஊற்றினேன். ஒரு நாளைக்கு இரண்டுக்கு மேல் முடியவில்லை. தரையில் சம்மணம் போட வயிறு இடம் தராது. நாற்காலியில் உட்கார்ந்து, குழலைத் தொடையில் சாய்த்து, கெட்டிலில் கொதித்த தண்ணீரைத் தகரப் புனலில் ஊற்றுவேன். துணி சுற்றாமல் பிடித்தால் கை வெந்துவிடும். கொட்டும்போது முதலில் தார் மாதிரி வரும், பிறகு டிகாஷன் மாதிரி, பிறகு வெறும் தண்ணீர். ஆறு துப்பாக்கி முடித்திருந்தேன். ஆறும் காலியாகத்தான் இருந்தன.

ஏழாவது துப்பாக்கிக்கு உரிய அக்கா அடுத்த நாள் தானே நேரில் வந்தார்.

என்னைவிட மூன்று நான்கு வயது மூத்தவர். வடக்குப்பட்டுப் பக்கம் ஓர் ஊர். ஒரு கம்பெனி கேன்டீனில் பாத்திரம் கழுவும் வேலை. துப்பாக்கியை ஒப்படைக்க வந்தபோது அதைப் பழைய புடவையில் சுற்றி, ஷேர் ஆட்டோவில் இரண்டு பேர் காலுக்கு நடுவில் வைத்துக் கொண்டுவந்திருந்தார். அதனால் முகம் நினைவிருந்தது.

"இன்னிக்கி எனக்கு ஆஃப் மேடம்" என்றார் கிராதிக்கு வெளியே நின்று. "அத நானே தொடைச்சிட்டுப் போறேன். ஒரு தபா துரு ஏறிடுச்சின்னா எங்க கொழுந்தனாரு என்ன வாழ வுட மாட்டாரு."

எஸ்.ஐ.யிடம் கேட்டேன். "லைசென்ஸ் அவங்க பேருதான? உள்ள வுட்டுப் பூட்டிக்கங்க" என்றார். ஏட்டய்யா எங்கள் இருவரையும் உள்ளே விட்டுப் பூட்டினார். மணி பத்து இருக்கும்.

கெட்டிலில் தண்ணீர் கொதிக்கும் வரை அக்கா தன் கதையைச் சொன்னார். துப்பாக்கி அவருடைய மாமனாருடையது. வேர்க்கடலைக் கொல்லையில் காட்டுப் பன்றி விழுந்த காலத்தில் வாங்கிய லைசென்ஸ். மாமனாருக்குப் பிறகு மூத்த மகனான அக்காவின் கணவர் பேருக்கு மாறியது. மூன்று வருடத்துக்கு முன் கணவர் மஞ்சள் காமாலை முற்றி இறந்துபோனார். கொழுந்தனார் மேல் ஒரு அடிதடி வழக்கு இருந்ததால் அவர் பேருக்கு லைசென்ஸ் கிடைக்கவில்லை. "எங்கப்பன் துப்பாக்கி வூட்ட வுட்டுப் போவக் கூடாது" என்று சொல்லி, அக்கா பேருக்கு மாற்ற வைத்துவிட்டார்.

"எனக்கு அத்தப் பாத்தாலே புடிக்காது மேடம். ரெண்டு வருஷமா வேணாம்னு எழுதிக் குடுத்துக்கினுதான் இருக்கேன். வாரிசுங்க எல்லாரும் கையெழுத்துப் போட்டாத்தான் திரும்ப எடுத்துக்குவோம்ன்றாங்க ஆபீஸ்ல. அவரு போட மாட்டேன்றாரு."

"வீட்டக் காலி பண்ணிட்டு அம்மா ஊருக்குப் போயிரலாம்லா?"

"எப்டிப் போறது? லைசென்ஸ் அந்த வூட்டு அட்ரஸ்ல கீது. அத எடுத்துக்கினும் போவக் கூடாது, வுட்டுட்டும் போவக் கூடாது. நான் அங்கயே கெடக்கணும்னுதான் அவரு கையெழுத்துப் போடல."

அவர் அதைச் சலிப்பாகக்கூடச் சொல்லவில்லை. பஸ் எந்த நேரத்துக்கு வரும் என்று சொல்வது மாதிரி சொன்னார்.

அந்த நேரத்தில் முன்பக்கம் வயர்லெஸ் மைக்கில் இன்ஸ்பெக்டரின் குரல் கேட்டது. ஒரு பெரிய தலைவரின் வண்டி வரிசை திடீரென்று எங்கள் சாலை வழியாக வருகிறதாம். இருக்கிற ஆட்களெல்லாம் ஒரகடம் கூட்டு ரோட்டுக்கு வர வேண்டும். ரைட்டர் ஏற்கெனவே கோர்ட்டுக்குப் போயிருந்தார். ஏட்டய்யா கிராதிக்கு அருகே ஓடிவந்து, "கன்டெய்னர் லாரிய நிறுத்த ஆள் இல்லையாம்மா. அஞ்சு நிமிஷம், வந்துடறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். பூட்டைத் திறந்துவிட வேண்டும் என்று அவருக்கும் தோன்றவில்லை, கேட்க வேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை. ஜீப் கிளம்பும் சத்தம் கேட்டது. எஸ்.ஐ.யின் புல்லட் சத்தமும் பின்னாலேயே போனது.

தண்ணீர் கொதித்துவிட்டது. அக்கா குழலின் வாயில் புனலை வைத்தார். நான் தடுத்தேன்.

"இருங்கக்கா. முதல்ல அளக்கணும்."

கம்பியை உள்ளே விட்டேன். அது போய் மெத்தென்று நின்றது. மற்ற ஆறிலும் இரும்பில் இரும்பு படும் 'டிங்' கேட்கும். இதில் கேட்கவில்லை. கட்டை விரலால் அளவு பிடித்து, வெளியே எடுத்துக் குழலோடு சேர்த்து வைத்தேன். முனை குமிழுக்கு வரவில்லை. விரல்களை மடக்கி அளந்தேன். நாலு விரல் குறைந்தது.

இன்னொருதரம் அளந்தேன். அதே நாலு விரல்.

"இதுக்கு முன்னாடி உள்ள தொடைக்கும்போது கம்பி எது வரைக்கும் போகும்?"

"இம்மாந்தூரம்தான் போவும். ஆயில் துணியச் சுத்தி வுடுவேன். அதான் அடின்னு நெனச்சேன். ஏன் மேடம்?"

"உள்ள லோடு இருக்குக்கா."

அக்கா புனலைக் கீழே வைத்தார். நான் துப்பாக்கியின் வாயை ஜன்னல் பக்கமாகத் திருப்பி, பிறகு அங்கேயும் வேண்டாம் என்று கூரையைப் பார்க்க மூலையில் சாய்த்து நிறுத்தினேன். குதிரை இறங்கியிருந்தது, குமிழில் கேப்பு இல்லை. கேப்பு இல்லாமல் வெடிக்காது என்று தெரியும். ஆனாலும் ஆர்மரர் அண்ணன் சொன்ன 'தொடாத' என்ற சொல்தான் காதில் கேட்டுக்கொண்டிருந்தது. கிராதிக்குப் போய், "ஏட்டய்யா" என்று கத்தினேன். யாரும் இல்லை. முன்பக்கம் ரைட்டர் மேசையில் என் போன் அடித்து ஓய்ந்தது.

மூன்று வருடம் அந்த அக்கா லோடு போட்ட துப்பாக்கியைக் கட்டிலுக்குக் கீழே வைத்துக்கொண்டு, அதற்கு மேல் படுத்துத் தூங்கியிருக்கிறார். இரண்டு தேர்தல்களில் கொண்டுவந்து கொடுத்து வாங்கிப் போயிருக்கிறார். யாரும் பார்க்கவில்லை.

"நீங்க இத மேல எழுதினீங்கன்னா என்னா ஆவும் மேடம்?"

பொய் சொல்ல மனம் வரவில்லை. "லோடோட ஒப்படைச்சதுக்கு உங்க மேல கேஸ் ஆகலாம். இல்லன்னு எழுதினதுக்கு எனக்கு மெமோ வரும்."

"கேஸ் ஆச்சின்னா கேன்டீன்ல வெச்சிக்க மாட்டாங்க."

 என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியும். காத்திருந்து, எஸ்.ஐ. வந்ததும் சொல்ல வேண்டும். அதைச் சொன்னால் என்ன நடக்கும் என்பதும் தெரியும். வயிற்றுக்குள் குழந்தை புரண்டது. அந்த அறையில் மூலைக்கு எதிர் மூலை எட்டடிதான். எங்கே உட்கார்ந்தாலும் அந்தத் துப்பாக்கி பக்கத்தில்தான் இருந்தது.

கொஞ்ச நேரம் கழித்து அக்காவே பேசினார். "ஒரு தபா மழையில நனைஞ்சி வெடிக்காமப் போச்சி. எங்க வூட்டுக்காரரு உள்ள தண்ணி ஊத்தி ஊற வெச்சித்தான் எடுத்தாரு. ஈரமானா மருந்து செத்துடும்பாரு. கம்பிக்கு அந்தத் தலையில திருகு கீது பாருங்க, அத வுட்டு நாரக் கொத்தி இழுப்பாரு."

கம்பியைத் திருப்பிப் பார்த்தேன். மறுமுனையில் பன்றி வால் மாதிரி சுருண்ட இரும்புத் திருகு இருந்தது.

நான் முடிவு செய்தேன் என்று சொல்ல முடியாது. வாளியில் இருந்த பச்சைத் தண்ணீரை அக்கா சொம்பில் மொண்டார். நான் புனலைப் பிடித்தேன். இரண்டு பேரும் முகத்தை ஒதுக்கிக்கொண்டு குழல் நிறைய ஊற்றினோம். பிறகு எதிர்ச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தோம். நான் நாற்காலியில், அவர் தரையில்.

அரை மணி ஆயிற்று. ஒன்றும் ஆகவில்லை. சாலையில் ஹாரன் சத்தமெல்லாம் நின்று, பிறகு எல்லாம் ஒன்றாகக் கேட்டது. ஃபேன் சுற்றியது. ஆனால் காற்று சூடாகத்தான் வந்தது. எனக்கு அடிவயிறு முட்டிக்கொண்டு வந்தது. கால்களைச் சேர்த்துக்கொண்டேன். நடந்து பார்த்தேன். கிராதியில் நெற்றியை வைத்து நின்றேன். ஏட்டய்யாவை எத்தனை முறை கூப்பிட்டேன் என்று தெரியவில்லை. கடைசியில் கூப்பிடப் போன குரல் அழுகையாக வந்தது.

அக்கா எழுந்தார். வாளியில் மிச்சமிருந்த தண்ணீரைக் கெட்டிலிலும் சொம்பிலும் ஊற்றிவிட்டு, காலி வாளியை மூலையில் வைத்தார். துப்பாக்கியைச் சுற்றிக் கொண்டுவந்த பழைய புடவையை விரித்து, இரண்டு கையாலும் உயர்த்திப் பிடித்தார். முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"போங்க மேடம். மாசமா இருக்கச்சொல்ல அடக்கக் கூடாது. இங்க யாரு பாக்கப் போறா."

காக்கிச் சீருடையில் ஒரு வாளி மேல் உட்கார்ந்திருந்த அந்தச் சில நிமிடங்களை நான் யாரிடமும் சொன்னதில்லை. என் வீட்டுக்காரரிடமும் சொன்னதில்லை.  அக்கா வாளியைத் தள்ளி வைத்து, மேலே ஒரு பழைய செய்தித்தாளைப் போட்டு மூடினார்.

"மேடம், அங்க பாருங்க" என்றார் அப்புறம்.

குமிழின் நுனியில் கறுப்பாக ஒரு சொட்டு திரண்டு நின்றது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே கட்டை மேல் வழிந்தது. பின்னாலேயே இன்னொன்று. தண்ணீர் மருந்து முழுவதையும் நனைத்து மறுபக்கம் வந்துவிட்டது என்று இருவருக்கும் புரிந்தது. 

இன்னும் கொஞ்ச நேரம் விட்டுவிட்டு, தண்ணீரைக் கொட்டினோம். நான் குழலைப் படுக்க வைத்துப் பிடித்துக்கொண்டேன். அக்கா திருகை உள்ளே விட்டு, சுற்றிச் சுற்றி இறக்கி, இழுத்தார். முதல் இரண்டு முறை வெறும் நார்த் துணுக்குகள் வந்தன. மூன்றாவது முறை தேங்காய் நார் உருண்டையும், அதைச் சுற்றிய ஒரு தாளும் சேர்ந்து வந்தன. குழலைச் சாய்த்துத் தட்டினேன். ஏதோ உருளும் சத்தம் கேட்டு, என் உள்ளங்கையில் ஒரு குண்டு வந்து விழுந்தது. கட்டைவிரல் நகத்தளவு ஈயக் குண்டு. ஒன்றே ஒன்று.

அக்கா அதைத் தொடவில்லை. தாளைப் பிரித்துக்கொண்டிருந்தார். தினமும் கிழிக்கும் காலண்டர் தாள். எண்ணெயும் கரியும் ஏறியிருந்தாலும் பெரிய எழுத்தில் தேதி தெரிந்தது.

"அவரு ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு ஒம்போது நாளு முன்னாடி" என்றார். விரலை மடக்கி மறுபடியும் எண்ணினார். "ஒம்போது நாளுதான்."

பிறகு என் கையில் இருந்த குண்டைப் பார்த்தார். "கொக்கு, கௌதாரிக்குச் சின்ன ரவைதான் போடுவாரு. இது பன்னிக்குப் போடறது. எங்க ஊர்ல ஏது மேடம் பன்னி? சுத்தி கம்பெனிதான கீது."

நான் கேட்காமலேயே மீதியையும் சொன்னார். அந்த மாதம் கொழுந்தனார் இரண்டு வீட்டுக்கும் நடுவில் சுவர் எழுப்பி, இவர்கள் தெருவுக்குப் போகும் வழியை அடைத்துவிட்டாராம். பின்வீட்டுக்காரர்களின் கொல்லைப்புறம் வழியாகத்தான் போக வேண்டியிருந்தது. கணவர் பத்து நாள் யாரோடும் பேசவில்லை. சாப்பிடக்கூட இல்லை. காமாலை அப்போதே உள்ளே இருந்ததா, கோபத்தில் சாப்பிடவில்லையா, தெரியாது. அக்காவோடும் அந்த நாட்களில் சண்டை.

"யாருக்குன்னு போட்டு வெச்சாருன்னு தெரிலயே மேடம்" என்றார். "அவரு தம்பிக்கா, எனக்கா, அவருக்கேவா."

 கெட்டிலைப் போட்டேன். தண்ணீர் கொதித்ததும் ஊற்ற ஆரம்பித்தோம். மருந்து கூழாகக் கரைந்து வந்தது. குண்டுக்கு அடியில் இருந்த இன்னொரு நார் உருண்டையும் வந்தது. நான் ஊற்ற, அவர் குலுக்கிக் கொட்டினார். சொம்பில் இருந்ததும் சேர்த்து இரண்டு கெட்டில் ஆனது. கடைசியில் கம்பியை விட்டபோது 'டிங்' என்று கேட்டது. அளந்து பார்த்தேன். முனை குமிழுக்குச் சரியாக வந்தது. துணி சுற்றித் துடைத்தோம். வெள்ளைத் துணி பழுப்பாக வந்தது, பிறகு வெள்ளையாகவே வந்தது. ஆயில் விட்டோம். 

ஏட்டய்யா வந்தபோது மணி ஒன்றைத் தாண்டியிருந்தது. "அந்தக் கூட்டத்துல சாவி பையில இருந்ததே மறந்துபோச்சும்மா" என்று திறந்தார். மூடியிருந்த வாளியைப் பார்த்தார். உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டு முன்பக்கம் போய்விட்டார். நான் சொல்லிக்காட்டவில்லை. சொல்லிக்காட்டினால் பூட்டியிருந்த நேரத்தில் உள்ளே நடந்ததையும் சொல்ல வேண்டிவரும்.

குண்டை நான் எடுத்து வைத்திருக்க வேண்டும். அது சட்டப்படி என் பொறுப்பு. அக்கா அதையும் அந்தத் தாளையும் சேர்த்து முந்தானையில் முடிந்துகொண்டபோது நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். பதிவேட்டில் ஏற்கெனவே "லோடு இல்லை" என்று இருந்தது. அன்றைக்கு அது உண்மையாகிவிட்டது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் அதற்குப் பிறகு எஸ்.ஐ. என்னை எதற்குக் கூப்பிட்டாலும், அந்தப் பதிவேடு மேசையில் விரிந்திருக்கிறதா என்றுதான் முதலில் பார்ப்பேன்.

தேர்தல் முடிந்தது. துப்பாக்கிகளைத் திருப்பிக் கொடுத்தோம். ஒன்றிலும் துரு இல்லை என்று எஸ்.ஐ. பாராட்டினார். அக்காவும் வந்து கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டு, அதே புடவையில் சுற்றி எடுத்துப் போனார். எனக்குப் பிரசவ விடுப்பு தொடங்க நாலு நாள் இருக்கும்போது திரும்பவும் வந்தார். கையில் துப்பாக்கியும், ஒரு பிளாஸ்டிக் கவரில் காகிதங்களும் இருந்தன. ஒப்படைப்பு மனு, ஆபீஸ் கடிதம், கொழுந்தனாரின் கையெழுத்து எல்லாம் இருந்தது.

"எப்படிக்கா போட்டாரு?"

"அவரு வூட்டுக்குப் போனேன். நான் கல்யாணமாகி வந்ததுலேர்ந்து பழகின ஜனம்தான், எல்லாரும் உக்காந்து டிவி பாத்துக்கினு இருந்தாங்க. அந்தக் குண்டையும் காலண்டர் தாளையும் அவரு முன்னாடி வெச்சேன். சுவரு கட்ன மாசம் உங்கண்ணன் கெட்டிச்சி வெச்சது, மூணு வருஷமா உள்ளயே இருந்திச்சின்னேன். வேற ஒண்ணும் சொல்லல. மறுநாளு அவரு சம்சாரம் கையெழுத்த வாங்கிக்கினு வந்து குடுத்துட்டுப் போச்சி."

"அவருக்குத்தான்னு நெனச்சிட்டாரா?"

"அவரு இன்னா நெனச்சாரோ. எனக்கே தெரியல, அவருக்கு எப்டித் தெரியும்?" என்றார். அந்த மாதக் கடைசியில் வீட்டைக் காலி செய்துவிட்டு உத்திரமேரூர் பக்கம் அம்மா வீட்டுக்குப் போகப் போவதாகவும் சொன்னார். போகும்போது என் வயிற்றைப் பார்த்து, "தண்ணி நல்லா குடிங்க" என்றார்.

துப்பாக்கியை எஸ்.ஐ. வாங்கிக்கொண்டார். மேலிடத்திலிருந்து உத்தரவு வரும்வரை நிலையத்திலேயே வைத்திருக்க வேண்டும். அதை நானேதான் அந்த அறைக்குள் கொண்டுபோய் வைத்தேன்.

மகள் பிறந்தாள். ஒரு வருடம் விடுப்பில் இருந்துவிட்டு, மறுபடியும் அதே நிலையத்தில் சேர்ந்தேன். தென்காசிக்கு மாற்றல் கேட்டுக் கொடுத்த மனு நிலுவையில் இருந்தது, இன்றும் நிலுவையில்தான் இருக்கிறது. எஸ்.ஐ. மாறியிருந்தார். புதியவர் முதல் நாளே, "நாட்டுத் துப்பாக்கி மெயின்டனன்ஸ் உனக்குத்தான் தெரியுமாமே" என்று கேட்டார். போய்ப் பார்த்தேன். அந்தத் துப்பாக்கி அங்கேயே இருந்தது. உத்தரவு வரவில்லை. ஒரு மழைக்காலத்து ஈரத்தில் குழல் வாயைச் சுற்றிச் செம்பழுப்பாகத் துரு ஏறியிருந்தது. உப்புத்தாளும் மண்ணெண்ணெயும் வைத்து அதை எடுக்க மூன்று நாள் ஆயிற்று. பால் கட்டிச் சீருடை நனையும். பூட்டைத் திறந்து வீட்டுக்கு ஓட முடியாது. கம்பியை உள்ளே விட்டு அளந்துவிட்டுத்தான் ஒவ்வொரு முறையும் தொடங்குகிறேன். உள்ளே ஒன்றும் இல்லை என்று எனக்குத் தெரியாதா என்ன. ஆனாலும் அளக்காமல் கை போகவில்லை.

போன மாதம் அந்த அக்கா போன் செய்தார். அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் சமையல் வேலை கிடைத்திருக்கிறதாம். பேசி முடித்துவிட்டார் என்று நினைத்தபோது கேட்டார்.

"மேடம், அது இன்னும் அங்கயேதான் கீதா?"

"இருக்குக்கா. ஆர்டர் வரல."

"யாரு பாத்துக்கறா?"

"நாந்தான். மாசம் ஒரு தடவ தண்ணி ஊத்தித் தொடைக்கேன்."

 பிறகு, "பாப்பா நடக்குதா?" என்று கேட்டார்.

"நல்லா நடக்கா, அக்கா" என்றேன். "கதவத் தொறந்தா போதும், அவ நிக்காம ஓடுதா."